‘பாதரசம்’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

“பாதரசம் குடித்தவர் மருத்துவமனையில் அனுமதி” என்று ஒரு செய்தி வந்தால், அதைப் படித்து எங்களால் எதையும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. உள்ளே போனது தெர்மாமீட்டரில் இருக்கும் வெள்ளிக் குழம்பா, நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் வீரம் என்று சொல்லும் வெள்ளைக் கட்டியா, கல்லூரி ஆய்வகத்துப் பாட்டிலில் இருந்த கரைசலா? மூன்றுக்கும் ‘பாதரசம்’ என்ற ஒரே சொல்தான் அச்சாகிறது. முதலாவதை விழுங்கியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மற்ற இரண்டில், முதல் நாலு மணி நேரத்துக்குள் மாற்று மருந்து ஏறுவதைப் பொறுத்துதான் சிறுநீரகம் தப்புவதும் உயிர் தப்புவதும். நாளிதழ்கள் எல்லாவற்றிலும் உள்ள பழக்கம் இது. உங்கள் இதழை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஆரோக்கியமான குடல் உலோகப் பாதரசத்தைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. விழுங்கியதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஏறாது, மலத்தோடு போய்விடும். வாயில் கண்ணாடித் துண்டு குத்தியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை. அதே பாதரசம் தரையில் சிதறி ஆவியாகி மூச்சில் போனால் கதை வேறு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விவகாரத்தில் பேசப்பட்டது அந்த ஆவிதான். துடைப்பம் போட்டுப் பெருக்கினால் மணிகள் இன்னும் சிறியதாக உடைந்து இண்டு இடுக்கில் போகும். வாக்வம் கிளீனர் போட்டால் அறை முழுக்க ஆவி பரவும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். உலோகத்தைப் பற்றி இவ்வளவு போதும். இந்தக் கடிதம் சேர்மங்களைப் பற்றியது.

வீரம் என்பது மெர்குரிக் குளோரைடு. சவ்வீரம் என்றும் சொல்வார்கள். பூரம் என்பது மெர்குரஸ் குளோரைடு. பழைய ஆங்கில மருத்துவத்தில் கலோமல். லிங்கம் அல்லது சாதிலிங்கம் என்பது மெர்குரிக் சல்பைடு, அது சிவப்பு. இந்த மூன்றையும் பிரிப்பது கரையும் தன்மை. 100 மி.லி. தண்ணீரில் வீரம் சுமார் 7 கிராம் கரையும். அதே தண்ணீரில் பூரம் ஒரு மில்லிகிராம்கூடக் கரையாது. லிங்கம் அதைவிடக் குறைவு. கரைவதுதான் குடலைப் புண்ணாக்கும், ரத்தத்தில் ஏறும், சிறுநீரகத்தில் போய் உட்காரும். வீரம் ஒரு சிட்டிகை என்றாலும் ஆபத்துதான் என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ‘ரசகற்பூரம்’ என்ற பெயரைச் சிலர் பூரத்துக்கும் சிலர் வீரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளம் மருத்துவர் காதில் ‘பூரம்’ என்பது ‘கற்பூரம்’ என்று விழுவதற்கும் வாய்ப்பு அதிகம். கற்பூரம் விழுங்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், வாயில் வாசனை அடிக்கும். அதற்கான சிகிச்சையே வேறு. வீரத்துக்கு வாசனை கிடையாது. வாயில் செம்புக் காசைச் சப்பியது போன்ற சுவை, தொண்டை எரிச்சல், வாயின் உட்பக்கம் சாம்பல் வெள்ளையாக வெளுத்துப்போவது, கொஞ்ச நேரத்தில் வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் மிச்சமிருக்கும் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். காலிக் காகிதமாக இருந்தாலும் சரி, அதில் ஒட்டியிருக்கும் தூள் போதும்.

அந்தத் தூளை என்னவென்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் சாமான்களே போதும். ஒரு சோதனைக் குழாயில் கடுகளவு தூளைத் தண்ணீரில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வீரமாக இருந்தால் குங்குமம் போலச் செக்கச்சிவந்த வீழ்படிவு வரும். இன்னும் சில சொட்டு சேர்த்தால் அது கரைந்து தெளிந்துவிடும். அந்த ‘வந்து மறைவது’தான் அடையாளம். அவசரத்தில் அயோடைடைத் தாராளமாக ஊற்றினால் சிவப்பைப் பார்க்காமலே ‘இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். அம்மோனியா விட்டால் வீரம் வெள்ளையாகப் படியும், பூரம் கறுத்துப்போகும். மூன்றாவது வழி: உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பியை வீரக் கரைசலில் சற்று நேரம் போட்டு எடுத்தால் சாம்பல் பூத்திருக்கும், துணியால் தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். இது எதற்காகவும் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. சோதனை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்.

இனி, வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. வாயில் இருப்பதைத் துப்ப வைத்து, சாதாரணத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். கையிலும் முகத்திலும் தூள் இருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, ஓடும் குழாயில் 15 நிமிடம் கழுவுங்கள். உடுப்பை மாற்றுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு உள்ளே போனது என்பது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்து, வாந்தி தொடங்காமல் இருந்தால், பெரியவருக்கு ஒரு சிறிய டம்ளர் பால், குழந்தைக்கு அரை டம்ளர். ஒரே தடவை. பால் இல்லையென்றால் பச்சை முட்டையின் வெள்ளைக் கருவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். இது ஏன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மாற்று மருந்து என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் குணம். பால், முட்டைப் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. வீரத்தில் உள்ள பாதரசம் அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ள, புரதம் திரிந்துவிடுகிறது. வயிற்றின் சுவரில் படுவது கொஞ்சம் குறையும். ஆனால் அந்தப் பிடி நிரந்தரம் இல்லை, குடலில் இறங்க இறங்க அவிழ்ந்துவிடும். பால் வாங்கப் பத்து நிமிடம் கடைக்கு ஓடுவதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்புவது மேல்.

செய்யக் கூடாததைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. விரலை விட்டோ, உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்தோ வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. முதலுதவிக் குறிப்புகள் என்ற பெயரில் அச்சிலும் வருகிறது. வீரம் அரிக்கும் பொருள். இறங்கும்போது உணவுக்குழாயை ஒரு தடவை புண்ணாக்கியதை, ஏறும்போது இன்னொரு தடவை புண்ணாக்கும். புண்ணான குழாய் கிழியலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். உப்புத் தண்ணீரில் இன்னும் ஒரு கேடு உண்டு. வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் வீரம் சுலபமாகக் கரையும், உப்பில் உள்ள குளோரைடு அதனோடு சேர்ந்து நன்றாகக் கரையும் சேர்மமாக மாறுவதால். காயம் கழுவ வீர மாத்திரை விற்ற காலத்தில், சீக்கிரம் கரைய வேண்டும் என்பதற்காகவே அதில் உப்பைச் சேர்த்தார்கள். அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து, வீரம் இருக்கும் வயிற்றுக்குள் ஊற்றுவது என்ன உதவி?

வாந்தி தானாக வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். முதல் வாந்தியைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து மூடி எடுத்துப் போங்கள். அலுமினியக் குண்டானில் பிடிக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் இருக்கும் காப்புப் படலத்தை வீரம் குலைத்துவிடும். பாத்திரம் சூடாகி, சாம்பல் பூத்து, அரிக்கத் தொடங்கும். சோதனைக்குக் கொடுக்க வேண்டிய பாதரசமும் பாத்திரத்தோடு போய்விடும். துடைத்த துணியைத் துவைக்காமல் இரட்டைப் பையில் கட்டி வையுங்கள்.

ஆய்வகங்களுக்கு ஒரு வார்த்தை. தாவரவியல், மருந்தியல் மாணவர்கள் ஆல்கலாய்டு சோதனைக்குப் பயன்படுத்தும் மேயர் கரைசலில் 100 மி.லி.க்கு 1.36 கிராம் மெர்குரிக் குளோரைடும் 5 கிராம் பொட்டாசியம் அயோடைடும் இருக்கிறது. திசுப் பரிசோதனைக்கான ஜென்கர் கரைசலில் 100 மி.லி.க்கு 5 கிராம் மெர்குரிக் குளோரைடு, அதோடு 2.5 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட். வாயால் பிப்பெட் உறிஞ்சும் வழக்கம் எந்த ஆய்வகத்தில் மிச்சமிருந்தாலும் அதை இன்றே நிறுத்த வேண்டும். ஜென்கர் உள்ளே போனவரைக் கூட்டிப் போகிறவர்கள் ‘பாதரசம்’ என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்; டைகுரோமேட்டும் தன் பங்குக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். பாட்டில் மேல் உள்ள லேபிளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் வெறும் ‘மேயர்’ என்று இருந்தால், உள்ளே என்ன எவ்வளவு என்பதையும் இன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மருத்துவமனையில் நடப்பது என்ன? முதலில் மூச்சுக்குழாய் வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். வாந்தியிலும் பேதியிலும் போன நீரை நரம்பு வழியாக வேகமாக ஈடுகட்டுவார்கள். முதல் நாள் உயிர் போவது பெரும்பாலும் இந்த நீரிழப்பு அதிர்ச்சியில்தான். வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் பாதரச உப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியக்கூடும். மிச்சம் எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும். தேவைப்பட்டால் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலைக் குழாய் வழியே செலுத்திக் குடலைக் கழுவலாம். புண் எவ்வளவு ஆழம் என்று எண்டோஸ்கோப்பி சொல்லும்.

மாற்று மருந்து டைமெர்கப்ரால். இரண்டாம் உலகப் போரின்போது லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சு வாயுவை முறிக்க ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் உருவாக்கியது. அதன் மூலக்கூறில் இரண்டு கந்தகக் கை இருக்கிறது. இரண்டாலும் பாதரசத்தைக் கிடுக்கி மாதிரி பிடித்துச் சிறுநீரில் கொண்டுபோகிறது. BAL என்ற அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரைச் சிலர் ‘பால்’ என்றே உச்சரிக்கிறார்கள். தொலைபேசியில் “பால் கொடுத்தாச்சா?” என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் ஆவின் பாலை நினைப்பார்! முழுப் பெயரைச் சொல்வது நல்லது.

அளவு: உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதல் 48 மணி நேரம். பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்து ஒரு வாரம் பத்து நாள். தசையில் ஆழமாகப் போட வேண்டிய ஊசி; நரம்பில் போடவே கூடாது, ஏனென்றால் மருந்து எண்ணெயில் கரைந்திருக்கிறது. அந்த எண்ணெய் கடலை எண்ணெய் என்பதால் வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். ஊசி போட்ட இடம் கடுமையாக வலிக்கும். அரை மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தம் ஏறும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், உதடு எரியும். இரண்டு மணி நேரத்தில் தணிந்துவிடும். இதைப் பார்த்துப் பயந்து அடுத்த ஊசியை நிறுத்திவிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவருக்கு ரத்த அணுக்கள் உடையலாம்; அதைக் கவனிக்க வேண்டும். பாதரசத்தோடு சேர்ந்த மருந்து அமிலச் சிறுநீரில் பிடியை விட்டுவிடும் என்பதால் சிறுநீரைக் காரத்தன்மையில் வைக்கிறார்கள்.

இப்போது இருப்புக் கணக்குக்கு வருவோம். ஆம்பூலுக்கு 100 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தபட்ச அளவில் ஒரு தடவைக்கு 180 மி.கி., அதாவது 2 ஆம்பூல். நாளைக்கு 6 தடவை, இரண்டு நாளில் 12 தடவை: 24 ஆம்பூல். கூடுதல் அளவில் போட்டால் 36. ஒரே ஒரு நோயாளிக்கு, முதல் இரண்டு நாளுக்கு மட்டும். மருந்துப் பதிவேட்டில் ‘டைமெர்கப்ரால் — இருப்பு உள்ளது’ என்று எழுதி அலமாரியில் 4 ஆம்பூல் வைத்திருப்பது இருப்பு ஆகாது. இரண்டாவது ஊசியோடு தீர்ந்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது ஒரு நோயாளிக்கான முழு இருப்பு இருக்க வேண்டும். காலாவதித் தேதி நெருங்கும்போது அதிகம் தேவைப்படும் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நச்சுச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தென்கோடியில் விழுங்கியவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நாலு மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை என்று ஒவ்வொரு படியிலும் ‘ரெஃபர்’ சீட்டு எழுதி அனுப்புவதற்குப் பதில், முதல் இடத்திலிருந்தே தொலைபேசியில் கேட்டு, மருந்து எங்கே இருக்கிறதோ அங்கே நேராக அனுப்ப வேண்டும்.

குடல் ஓரளவு தேறியதும் வாய்வழி மருந்து சக்சைமர்: கிலோவுக்கு 10 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, 5 நாள். பிறகு இரண்டு வேளையாக 14 நாள். அது கிடைக்காத இடத்தில் உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குக் கொடுக்கும் பென்சிலமைன் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை எழுதுகிறார்கள். வேறு வழியில்லாவிட்டால் சரி. ஆனால் அந்த மருந்தே சிறுநீரில் புரதம் கசிய வைக்கக் கூடியது; ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகம் அது.

வாந்தி நின்று, நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் “வீட்டுக்குப் போகிறோம்” என்று உறவினர்கள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போவது இந்த நச்சில் மிகப் பெரிய தவறு. குடல் அடங்கியதுபோல் இருக்கும் அந்த நேரத்தில்தான் சிறுநீரகக் குழாய்களின் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். சிறுநீர் குறைவது 24 மணி நேரத்திலும் தெரியலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் தெரியலாம். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரை அளந்து எழுத வேண்டும். சிறுநீர் நின்றுவிட்டால் டயாலிசிஸ். டயாலிசிஸ் பாதரசத்தை அவ்வளவாக வெளியேற்றாது. அது புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. சிறுநீரகம் மீளும்வரை அதன் வேலையைச் செய்து உயிரைத் தாங்குவதுதான் டயாலிசிஸின் பங்கு. செத்த செல்கள் திரும்ப வளரக்கூடியவை என்பதால், சில வாரம் தாங்கிவிட்டால் பலருக்குச் சிறுநீர் திரும்புகிறது.

இது ஒரேயடியாக உள்ளே போனதன் கதை. துளித்துளியாக, முகத்தின் வழியாகப் போவது இன்னொன்று. வெள்ளையாக்கும் கிரீம்களில் கலப்பது கலோமலோ அமோனியா சேர்ந்த பாதரசமோ. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண் பகுதிக்கானவை தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்திருக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிடிபடும் கிரீம்களில் ஆயிரக்கணக்கான பங்கு இருக்கிறது. ஒரு சதவீதம் என்று வைத்தால் ஒரு கிராம் கிரீமில் 10 மில்லிகிராம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 மெம்பரனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிச் சிறுநீரில் புரதம் கசியும் நோய்) நோயாளிகளில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற வகை இருந்தது; அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். இதே வகையை, பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளோடு தொடர்புபடுத்தி வேலூர், சென்னை மருத்துவர்கள் 2022இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்.

இதில் வலியோ வாந்தியோ வராது. காலையில் கண் இமை வீங்கும், சாயங்காலம் கணுக்காலில் செருப்பு வார் பதியும், கழிப்பறையில் சிறுநீர் சோப்பு நுரை மாதிரி நிற்கும். சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைச் சோதனை எந்தச் சிறு ஆய்வகத்திலும் உண்டு. நுரையோடு வருகிறவரிடம் மருத்துவர் கேட்க வேண்டியது “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்பதோடு “முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?” என்பதையும்தான். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லாதது, ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்று எச்சரிப்பது, வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் நிறமாக மாறுவது — மூன்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட வேண்டியதுதான். நகையில் படக் கூடாது என்று சொல்வது பாதரசம் தங்கத்தோடு கலந்து வெளுத்துவிடும் என்பதால். நகைக்குக் காட்டும் அக்கறையைக் கன்னத்துக்குக் காட்டவில்லை, அவ்வளவே.

நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் புரதக் கசிவு குறைகிறது. ஸ்டீராய்டில் தொடங்குவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நோயாளிக்குப் பெரிய மிச்சம். டப்பாவைக் குப்பையில் எறியாமல் பாலித்தீன் பையில் கட்டி மருத்துவரிடமோ மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலோ கொடுங்கள். தலையணை உறை, துண்டு ஆகியவற்றை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். பழையதாக இருந்தால் கழித்துவிடுங்கள். பூசிய கையாலும் அந்தத் துண்டாலும் வீட்டுக் குழந்தைக்கும் ஏறுகிறது. பூசாத குழந்தைக்குக் கை கால் சிவந்து உரிந்து, வியர்த்து, ரத்த அழுத்தம் ஏறி, காரணம் புரியாமல் அலைகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும். இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் கலோமல் இருந்த காலத்தில் இதற்கு ‘பிங்க் நோய்’ என்று பெயர். 1950களில் பொடியிலிருந்து கலோமலை எடுத்தார்கள், நோயும் அரிதாகிப்போனது.

சோதனையைப் பற்றி ஒன்று. இத்தகைய பாதரச உப்புக்குச் சிறுநீர்தான் நல்ல சான்று. ரத்தத்தில் மொத்தப் பாதரசம் பார்த்தால் முந்தைய நாள்களில் தின்ற கடல் மீனின் மீத்தைல் பாதரசமும் கணக்கில் சேர்ந்துவிடும். 24 மணி நேரச் சிறுநீரை உலோகம் கலக்காத பிளாஸ்டிக் கேனில், மாற்று மருந்து தொடங்குவதற்கு முன்பே சேகரிக்கத் தொடங்க வேண்டும்; திடீர் நச்சில் அவ்வளவு காத்திருக்க முடியாது, ஊசிக்கு முன் ஒரு தடவை பிடித்த சிறுநீரே போதும். மாற்று மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, வெளிவரும் சிறுநீரை அளந்து “பார், எவ்வளவு பாதரசம்” என்று பயமுறுத்தி ‘உடல் சுத்திகரிப்பு’ விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மருந்து கொடுத்தால் எல்லோருக்கும் எண் ஏறும். அதற்கு ஒப்பிட இயல்பு அளவே கிடையாது.

கடைசி வகை கரிமப் பாதரசம், அதாவது கார்பனோடு சேர்ந்த பாதரசம். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்குக் காரணம் மீத்தைல் பாதரசம். 1971-72இல் ஈராக்கில் விதைக்கென்று பூஞ்சைக்கொல்லி பூசி வந்த கோதுமையை ரொட்டி சுட்டுத் தின்றதில் அரசுக் கணக்கிலேயே 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 459 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் டைமீத்தைல் பாதரசத்தைக் கையாண்டபோது சில துளி லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தது. அந்தத் திரவம் லேடெக்ஸை நொடிகளில் ஊடுருவிவிடும். ஐந்து மாதம் கழித்துத் தள்ளாட்டம் வந்தது, 1997 ஜூனில் இறந்தார். இந்த வகை மூளையைத் தேடிப் போகிறது. இதற்கு டைமெர்கப்ரால் கொடுத்தால் பாதரசத்தை மூளைக்கு இன்னும் தள்ளும். வீரத்தில் உயிர் காக்கும் அதே ஊசி இதில் கேடு செய்கிறது. செய்தியில் சேர்மத்தின் பெயரை எழுதுங்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். தற்கொலை முயற்சி என்றால் முறையை விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. அதை மீறச் சொல்லவில்லை. அந்தச் செய்திகளில் எது, எவ்வளவு, எங்கே வாங்கினார் என்று எதுவும் வேண்டாம். 104, 14416 ஆகிய உதவி எண்களைப் போட்டால் போதும். விபத்து, கிரீம், ஆய்வகம், போலி மருந்து சம்பந்தப்பட்ட செய்திகளில் ‘பாதரசம்’ என்று எழுதி வந்தால், பக்கம் போகுமுன் உங்கள் செய்தியாளர் மருத்துவரைக் கூப்பிட்டு “உலோகமா, உப்பா, கரிமமா?” என்று கேட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
நச்சு மருத்துவம், மருந்தியல், வேதியியல் ஆய்வகப் பணிகளில் உள்ள சிலர்
(பெயர், முகவரி தனித்தாளில், வெளியிட வேண்டாம்)